குளத்து அத்தையின் பழத்தட்டு

வலது கையில் மெழுகு செதுக்கும் சின்னக் கத்தி. இடது கையில் ஒரு ஸ்ட்ராபெர்ரி. கத்தியின் முனை பச்சைக் காம்பின் ஓரத்தில் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றியது. காம்பும் அதனடியில் இருந்த வெள்ளைத் தண்டும் கூம்பு போலக் கழன்று வந்தன. பழத்தில் ஒரு துளி சாறு கூட வழியவில்லை. கைகள் அடுத்த பழத்தை எடுத்தன. கெட்டியாக, ஒரே உயரத்தில் இருப்பவை ஒரு தட்டுக்கு. கன்னம் அமுங்கியவை நசுக்குவதற்கு, வேறு கிண்ணத்துக்கு. மூன்று கிலோ பழத்தையும் அந்தக் கைகள் இப்படியே பிரித்து முடித்தன. ஒரு முறை கூட நின்று யோசிக்கவில்லை.

"பழத்துக்குப் பல் கட்டற மாதிரி இருக்கு," என்றாள் அண்ணி, நாற்காலியில் உட்கார்ந்தபடி. அவளுடைய வலது மணிக்கட்டு கட்டுக்குள் இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து பத்து நாள் ஆகியிருந்தது.

"கட்டு நல்லாத்தான் போட்டிருக்காங்க அண்ணி. ஓரத்தை மட்டும் கொஞ்சம் வழிச்சு விட்டிருக்கலாம். உரசும்."

"உனக்கு எதைப் பார்த்தாலும் ஒரு குறை."

பிளாஸ்டரைப் பார்த்தால் அவளுக்குக் குறை தெரியும்தான். இருபத்தாறு வருடமாகச் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவளுக்கு அதுதான் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, குமிழி வராமல் தட்டி, இறுகியதும் கழற்றி, அதன்மேல் மெழுகில் ஈறு செய்து பல் பதிப்பாள். நூறு கிராம் தூளுக்கு முப்பது மில்லி தண்ணீர். இருபத்தெட்டும் இல்லை, முப்பத்திரண்டும் இல்லை. ஊற்றும் தண்ணீரையும் தராசில் வைத்தே ஊற்றுவாள். அதனால் கூடத்தில் அவளுக்கு 'கிராம் அக்கா' என்று பெயர். அண்ணன் வீட்டில் வேறு பெயர். அங்கே அவள் 'குளத்து அத்தை'.

அந்தப் பெயர் வந்து பதினோரு வருடம் ஆகிறது.

ஸ்ட்ராபெர்ரி மலிவாகும் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் எல்லாரும் கூடுவது வழக்கம். அன்று அண்ணி ஸ்ட்ராபெர்ரி பை செய்வாள். வீட்டில் அதற்குப் பழத்தட்டு என்று பெயர். மாவும் வெண்ணெயும் பிசைந்து தட்டில் விரித்து ஓடு போலச் சுட்டுக்கொள்ள வேண்டும். அது ஆறியபின் சமைக்காத முழுப் பழங்களை நெருக்கமாக அடுக்கி, நசுக்கிய பழத்தைச் சர்க்கரையும் சோளமாவும் சேர்த்துக் காய்ச்சிய சிவப்புப் பாகை மேலே ஊற்றி இறுக விட வேண்டும். ஏதோ பத்திரிகையில் வந்ததுதான். பத்திரிகை ஒரு பாக்கெட் ஜெல்லித் தூள் போடச் சொன்னது. அண்ணி அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டாள். கத்தி வைத்தால் துண்டு சுவர் போல நிற்கும். பழம் பழமாகவே இருக்கும். ஊரில் எந்தக் கடையிலும் அப்படி ஒன்று கிடைக்காது என்று அண்ணன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அண்ணி, எனக்கும் அதைச் சொல்லித் தாங்களேன்."

அண்ணி சொன்னாள். நசுக்கிய பழம் ஒரு கப், சர்க்கரை ஒரு கப், தண்ணீர் ஒரு கப், சோளமாவு மூன்று மேசைக்கரண்டி குவித்து. "மூணுக்கு மேல போனா பசை ஒட்டற கோந்து மாதிரி ஆயிடும். அளவுல மட்டும் கை வைக்காதே." போகும்போது அலமாரியிலிருந்து ஒரு கப்பையும் எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை எனாமல், நீல விளிம்பு, விளிம்போடு ஒட்டி ஒரு வளையக் காது. "என் அளவு எல்லாம் இந்தக் கப்புலதான். இதையே வச்சுக்கோ. எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு."

அந்த வருடம் இரண்டு பழத்தட்டுகள் மேசைக்கு வந்தன. அண்ணியுடையது நின்றது. அவளுடையதில் கத்தி இறங்கியதும் சிவப்புப் பாகு மெல்ல நகர்ந்து, தட்டின் விளிம்பைத் தாண்டி, மேசை விரிப்பில் இறங்கியது. பழங்கள் மிதந்தன.

"அடடா, குளம் உடைஞ்சுடுச்சு!" என்றார் அண்ணன். "யாராவது ஓடிப் போய்ப் படகு எடுத்துட்டு வாங்க!"

குழந்தைகள் உருண்டு சிரித்தன. அவளும் சிரித்தாள். அண்ணன் சிரித்தால் அவளும் சிரித்துவிடுவாள், அது சின்ன வயதுப் பழக்கம். அப்பா போனபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, தபால் பிரிக்கும் கூடத்தில் மூட்டை தூக்கப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் அவள் பல் செய்யும் படிப்பை இரண்டு வருடம் படித்தாள். அவர் சொன்னதை அவள் தட்டியதில்லை. அவர் அவளைக் கேலி செய்தால் அது செல்லம் என்றே எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வருடமும் குளம். அதற்கடுத்த வருடமும்.

அவள் சும்மா இருக்கவில்லை. மாடியில் அவளுடைய இரண்டு அறை வீட்டில் ஒரு மேசை ஓவன் உண்டு. கதவு சரியாக மூடாது, மடித்த அட்டையைச் செருகித்தான் மூட வேண்டும். பருவம் வந்தால் வாரம் ஒரு தட்டு செய்து பார்ப்பாள். பாகை இன்னும் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டாள். நிறம் செத்துச் செங்கல் மாதிரி ஆனது. ஆறவிட்டு ஊற்றினாள், சூடாக ஊற்றினாள். பழத்தை முந்தின நாளே கழுவித் துணியில் பரப்பி உலர்த்தினாள். ஒரு வருடம் எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பார்த்தாள்; ருசி ஏறியது, பாகு இறுகவில்லை. இன்னொரு வருடம் ஜெலட்டின் போட்டாள். நின்றது, ஆனால் ரப்பர் செருப்பைக் கடிப்பது போல இருந்தது. அதை யாருக்கும் காட்டவில்லை.

ஓட்டில்தான் அவள் வென்றாள். கூடத்தில் இரண்டு அச்சு ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மெல்லிய பூச்சு ஒன்று தடவுவார்கள். அதே யோசனையில், சுட்ட ஓட்டின் உட்புறம் முட்டை வெள்ளைக்கருவைத் தூரிகையால் தடவி, மறுபடி இரண்டு நிமிடம் ஓவனில் வைத்தாள். அதன்பிறகு எத்தனை பாகு ஊற்றினாலும் ஓடு ஊறவில்லை, மொறுமொறுவென்று இருந்தது.

"குளம் குளம்தான். ஆனா கரை உறுதிப்பா," என்றார் அண்ணன் அந்த வருடம்.

அவள் தொடாதது ஒன்றே ஒன்று. அளவு.

கூடத்தில் அவளோடு மெருகு போடுகிறவள், வாய் ஓயாதவள், ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேவிட்டாள். "ஏங்க்கா, தண்ணியா போகுதுன்னா மாவைக் கூட்ட வேண்டியதுதானே? இதுக்கு ஏன் ஏழு வருஷமா மண்டையை உடைச்சுக்கறீங்க?"

"அளவுங்கறது கொடுத்தவங்க கொடுத்தது. டப்பாவுல நூறுக்கு முப்பதுன்னு போட்டிருந்தா நீ முப்பத்தஞ்சு ஊத்துவியா? நேரம், சூடு, கலக்கற விதம், இதெல்லாம்தான் நம்ம கையில. தப்பு அதுலதான் இருக்கும்."

"சரி, அந்தக் கப்பையாவது நிறுத்துப் பார்த்தீங்களா? ஊருக்கெல்லாம் தராசு, வீட்டுக்கு மட்டும் கப்பு!"

"அண்ணி கையால கொடுத்ததைத் தராசுல வைக்கறதா? அவங்களையே நிறுத்துப் பார்க்கற மாதிரி இருக்கும்."

"தெய்வமே!" என்று மெருகுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்த வருடம் அண்ணனுக்குப் பணி ஓய்வு. சனிக்கிழமை மூன்று மணிக்குத் தபால் கூடத்தில் இருபத்துநான்கு பேர் கூடி அவரை வழியனுப்புகிறார்கள். இத்தனை வருடமாக அவர் பெருமையடித்த பழத்தட்டை அவர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அண்ணியின் கையோ கட்டுக்குள். அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நீதாம்மா செய்யணும். உன் அண்ணி பக்கத்துல உட்கார்ந்து சொல்லுவா. அன்னிக்கு மட்டும் குளம் வெட்டிடாதே, மானம் போயிடும்."

அவள் அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. மானம் அண்ணனுடையது என்று மட்டும் அவள் நினைக்கவில்லை. தான் செய்த ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு, அண்ணனுக்கு முன்னால் ஒரு தட்டில் நிமிர்ந்து நிற்க வேண்டும். பதினோரு வருட ஆசை அது.

அதனால்தான் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே அண்ணி வீட்டு அடுக்களையில் அந்தக் கத்தியோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வேலைக்குப் போயாகிவிட்டது. அகலத் தட்டில் சுட்ட ஓடு ஜன்னலோரம் ஆறிக்கொண்டிருந்தது, வெள்ளைக்கருப் பூச்சு மினுங்க. அமுங்கின பழங்களை நசுக்கிவிட்டு அவள் கையைக் கழுவப் போனபோது அண்ணி எழுந்தாள்.

"நீ இரு. அளந்து ஊத்தறதை நான் பார்த்துக்கறேன்."

"ஒத்தைக் கையாலயா? நீங்க உட்காருங்க அண்ணி."

"அட, இதுகூட முடியாதா எனக்கு?"

அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். இடது கையில் கப்பைப் பிடித்துக் குழாயில் தண்ணீர் பிடித்தாள். பாத்திரத்துக்கு வருவதற்குள் கப் சாய்ந்து பாதித் தண்ணீர் மேடையில் கொட்டியது. கப் கைநழுவி, 'டங்' என்று உருண்டு, நாத்தனாரின் காலடியில் வந்து நின்றது.

"பார்த்தீங்களா? விடுங்க. என் கப்பு கூடையில இருக்கு, நானே ஊத்தறேன்."

"அது வேண்டாம்!" அண்ணியின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. "அது... கழுவியிருக்க மாட்டே. இதாலேயே ஊத்து."

அதற்குள் அவள் தன் கப்பை எடுத்து மேடையில் வைத்துவிட்டாள். கீழே கிடந்ததையும் எடுத்து, துடைத்து, அதன் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டும் வெள்ளை. இரண்டுக்கும் நீல விளிம்பு. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் ஒன்றென்றே சொல்வார்கள். பக்கத்தில் வைத்ததும் ஒன்று அரை விரல் குட்டையாகத் தெரிந்தது. அவள் அண்ணியுடைய கப்பை எடுத்துத் தன்னுடையதற்குள் விட்டாள். அது காது மட்டும் விளிம்பில் தங்க, எங்கேயும் இடிக்காமல் உள்ளே இறங்கி உட்கார்ந்தது.



கூடையிலிருந்து தராசை எடுத்தாள். வேலைக்கு எடுத்துப் போகும் சின்னத் தராசு. கப்பை வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சின்னதில் தண்ணீர் நிரப்பி நிறுத்தாள். நூற்றெண்பது. பெரியதில் நிறுத்தாள். இருநூற்று நாற்பது. இரண்டுக்கும் மாவு அதே மூன்று கரண்டி.

"இது ரெண்டும் ஒரே செட்டா அண்ணி?"

"செட்டுதான். நாலு இருந்துச்சு. ரெண்டு எங்கயோ போச்சு."

"எனக்குக் கொடுத்தது பெரிசு."

"பெரிசைத்தானே கொடுத்தேன்? பெரிசைக் கொடுத்துட்டாங்கன்னு யாராவது சண்டைக்கு வருவாங்களா?" அண்ணி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"பதினோரு வருஷம் அண்ணி."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். "மொத தடவை தெரியாமத்தான் எடுத்துக் கொடுத்தேன். சத்தியமா. நீ கொண்டு வந்து வெட்டினியே, அப்பதான் எனக்கே புரிஞ்சுது. சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள இவரு படகு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எல்லாரும் என் தட்டுல இருந்து எடுத்துச் சாப்பிட்டாங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "எனக்கு நல்லா இருந்துச்சு. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அது அவளுக்குப் புரிந்தது. வலித்தது, ஆனால் புரிந்தது. வேறொன்றைத்தான் அவள் கேட்டாக வேண்டியிருந்தது. கேட்காமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

அண்ணி ஜன்னலோரத் தட்டைப் பார்த்தாள்.

"தெரியுமா அண்ணி?"

"ரெண்டாவது வருஷமே சொல்லிட்டேன். மனசு கேட்கலை."

"என்ன சொன்னாரு?"

"விடேன். பழசு."

"என்ன சொன்னாரு?"

"'இருக்கட்டும் விடு. அவளுக்கு எல்லாந்தான் வருது. ஒண்ணாவது வராம இருக்கட்டும்'னாரு." அண்ணி அவசரமாகச் சேர்த்தாள். "விளையாட்டாத்தான் சொன்னாரு. உனக்குத் தெரியாதா அவரை?"

தெரியும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவளுடைய படிப்புக்குப் பணம் கட்டிய மனிதர். அவளுடைய முதல் பல் செட்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர். அதே மனிதர் ஒன்பது, பத்து ஞாயிற்றுக்கிழமைகள், அவள் அட்டை செருகிய ஓவன் முன்னால் குந்தி உட்கார்ந்து செய்துகொண்டு போனதை, காரணம் தெரிந்துகொண்டே, கரண்டியால் அள்ளிக் குடித்திருக்கிறார். குடித்துவிட்டு, "இந்த வருஷம் ஆழம் கூட" என்றிருக்கிறார். தான் விட்ட கல்லூரியை அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள்.

அவள் பெரிய கப்பைக் கையில் எடுத்தாள். அதில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது.

இதை ஊற்றினால் போதும். வேறு எதுவுமே செய்ய வேண்டாம். இருபத்துநான்கு பேர் முன்னால் அண்ணன் கத்தி வைப்பார். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. குளத்து அத்தை வேறு என்ன செய்வாள்? அண்ணியும் வாய் திறக்க முடியாது.

அண்ணிக்கும் அது தெரிந்தது. "கோபத்துல ஏதாவது பண்ணிடாதேம்மா," என்றாள் தணிந்த குரலில். "அவருக்கு இன்னிக்கு ஒரு நாள்தான்."

"எனக்குப் பதினோரு நாள் இருந்துச்சு அண்ணி."

அவள் ஜன்னலோரம் ஆறிக்கொண்டிருந்த ஓட்டைப் பார்த்தாள். ஓரம் ஒரே கனத்தில், ஒரு விரிசல் இல்லாமல் வந்திருந்தது. அந்தப் பூச்சு அண்ணியுடையது இல்லை. எலுமிச்சை அண்ணியுடையது இல்லை. முழுப் பழங்கள் துணியில் உலர்ந்து, தலைகீழாக அடுக்கினால் இடைவெளியே தெரியாதபடி உயரம் பார்த்துப் பிரிக்கப்பட்டு வரிசையாக இருந்தன. இந்த இருபத்தாறு வருடத்தில், வாயில் உட்காராது என்று தெரிந்து ஒரு செட்டைக்கூட அவள் வெளியே அனுப்பியதில்லை. பெட்டியில் போட்டு அனுப்பிய பிறகு அது யாருடைய வாய் என்று அவள் யோசிப்பதில்லை.

பெரிய கப்பின் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். சின்னதையும் கொட்டினாள். இரண்டையும் தள்ளி வைத்துவிட்டுப் பாத்திரத்தையே தராசில் ஏற்றினாள். தண்ணீர், பழக்கூழ், சர்க்கரை, எல்லாம் எடையில் இறங்கின. கரண்டியில் குவித்த மாவையும் நிறுத்து, எத்தனை கிராம் என்று பார்த்து மும்மடங்காக்கிக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்தாள். சர்க்கரையில் மட்டும் கொஞ்சம் குறைத்தாள். பழம் அவ்வளவு இனிப்பாக இருந்தது.

"மாவு போதுமா?" என்றாள் அண்ணி.

"நீங்க கொடுத்த அளவுதான். இன்னிக்குத்தான் மொத தடவையா போடறேன்."

பாகு கொதித்து, வெளுப்பு மாறி, கண்ணாடி போலத் தெளிந்தது. அடுப்பை அணைத்து எலுமிச்சைச் சாறு சேர்த்தாள். பாகு ஆறியதும், பழங்களை ஓட்டில் நெருக்கமாக அடுக்கி, முதலில் தூரிகையால் அவற்றுக்கு இடையே மெல்லத் தடவினாள். பிறகு மேலே ஊற்றி, தட்டின் அடியை இரண்டு விரலால் தட்டிக்கொண்டே போனாள். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தன. நாலு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தாள். அதற்குள் அண்ணிக்குப் புடவை கட்டிவிட வேண்டியிருந்தது, கட்டிவிட்டாள். மடிப்பை நாலு முறை சரி செய்தாள்.

பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை அண்ணி விரலால் வழித்து வாயில் வைத்தாள். வெகு நேரம் நாக்கில் வைத்திருந்தாள்.

"இது என்னோடது இல்லை."

"இல்லை அண்ணி."

அண்ணியை வண்டி ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தே போனாள். இரண்டு தெருதான். வண்டியின் குலுக்கலை அவள் நம்பவில்லை. தட்டை மார்போடு அணைக்காமல், கை நீட்டி, கண்மட்டத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு நடந்தாள். சுண்டு விரலில் பெரிய கப் தொங்கியது.

தபால் கூடத்தின் பின்வாசலில், மூட்டை இறக்கும் மேடைக்குப் பக்கத்தில், அண்ணன் புதுச் சட்டையில் நின்றிருந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர்.

"வந்துட்டா! இவதான் என் தங்கச்சி. குளம்னு சொல்வேனே, அவதான்." அவர்கள் சிரித்தார்கள். பல வருடமாகக் கேட்டுப் பழகிய சிரிப்பு. "என்னம்மா, படகு கொண்டு வரணுமா?"

அவள் சிரிக்கவில்லை. அவர் சொல்லி அவள் சிரிக்காதது அதுதான் முதல் தடவை. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

"பிடிங்க அண்ணா. ரெண்டு கையாலயும்."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எடை அவர் எதிர்பார்த்ததைவிட அதிகம். அவள் தன் சுண்டு விரலிலிருந்து கப்பைக் கழற்றி, தட்டின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த அவர் விரலில் அதன் காதை மாட்டிவிட்டாள்.

"அண்ணி கொடுத்த கப்பு. பெரிசு. எனக்கு இனி வேண்டாம்."

அண்ணன் குனிந்து பார்த்தார். நீல விளிம்பு அவர் கைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. கை இரண்டும் நிறைந்திருந்ததால் அவரால் அதை மறைக்கவோ கீழே வைக்கவோ முடியவில்லை. வாயைத் திறந்தார். அவர் கை தளர்ந்து, தட்டு ஒரு பக்கமாக நன்றாகவே சாய்ந்தது.

உள்ளே எதுவும் நகரவில்லை.